ஏழாம் எண் டப்பா

எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் உடற்பயிற்சி நிபுணரை நாங்கள் மீட்டர் மேடம் என்போம். ஆளைப் பார்த்து நலம் விசாரிக்க மாட்டார். எத்தனை மீட்டர் ஓடினாய் என்றுதான் கேட்பார். எங்கள் முதுகில் ஓட்டத்தின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைச் செருகிவிட்டு, மைதான ஓரத்தில் அந்தக் கணக்கு வரும் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். மேட்சில் ஓரமாக ஓடி ஆடும் விங்கர் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும், அதில் முப்பது தடவையாவது உயிரைக் கொடுத்து. வாரப் பயிற்சியில் அந்த வேகத்தைத் தொடாதவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மேட்சில் களத்தில் இடமில்லை.

அக்காவும் நானும் விங்கர்கள். அவளுக்கு ஏழாம் எண், எனக்குப் பதினேழு. செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொடையின் பின்பக்கம் சுருக்கென்றது. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை தேசிய அணிக்கு ஆள் பார்க்க வர்றாங்கடி. எனக்கு இருபத்தொம்பது ஆச்சு. இனி எப்போ? டப்பாவை மட்டும் மாத்திக்கலாம்."

"பைத்தியமா உனக்கு? தசை கிழிஞ்சா?"

"வெறும் பிடிப்புதான்."

அவள் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆனாலும் செய்து தொலைப்பேன். மூன்று நாள் அவள் டப்பாவைச் சுமந்து பேய் மாதிரி ஓடினேன். நான் ஓடியதிலேயே அதுதான் அதிக வேகம். மேடம் தினமும் கணக்கு எழுதும் பலகையில் அது அக்காவின் எண்ணுக்கு நேரே ஏறியது. அவள் கோட்டோரமாக நொண்டாமல் சமாளித்து நடந்ததெல்லாம் என் எண்ணுக்கு நேரே ஏறியது.

"பதினேழு, இந்த வாரம் என்ன ஊர்வலமா?" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஞாயிறு, ஐம்பத்தெட்டாவது நிமிடம். நீளமாக வந்த பந்தைத் துரத்திய அக்கா பாதி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் இருந்த நான் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன்.

"பதினேழு வேண்டாம், அவ இந்த வாரம் ஓடவே இல்ல" என்று கோச்சிடம் சொன்னார் மேடம். வேறொருத்தி இறங்கினாள்.

மருத்துவ அறையில் டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்தார். "எத்தனை நாளா வலி? பழைய காயத்து மேல ஓடியிருந்தா வைத்தியமே வேற. உண்மையைச் சொல்லும்மா."

"இப்பதான் டாக்டர்" என்றாள் அக்கா.

மேடம் திரையை நீட்டினார். "வெள்ளிக்கிழமைகூட முழு வேகம் தொட்டிருக்கா. புதுசாத்தான் இருக்கணும்."

அக்கா என்னையே பார்த்தாள். வாயைத் திறக்காதே என்ற பார்வை. அவள் தொடை வீங்கிக் கன்றிக்கொண்டு வந்தது.

"அந்த ஓட்டம் என்னோடது மேடம். இவளுக்குச் செவ்வாய்க்கிழமையே வலி."

மேடம் திரையைத் தாழ்த்தினார். அக்கா, ஐஸ் பையைப் பிடித்திருந்த என் கையைத் தட்டிவிட்டாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?"

"மூணு நாள் சும்மாத்தானேக்கா இருந்தேன்" என்றேன்.