ஓய்வு பெற்ற தூக்குக் கயிறு

தூக்குத் தண்டனையை எடுத்துவிட்ட பிறகு, ஓய்வு பெற்ற தூக்குக் கயிறு எங்கள் வீட்டு மாடியில் குடிவந்தது. அமைதியான குடித்தனம். தண்ணீரும் அதிகம் செலவழிக்காது.

அந்த வருடம் கோயில் கொடைத் திருவிழாவில் பட்டிமன்றம், தூக்கு இல்லாவிட்டால் கொலை கூடுமா, கூடாதா என்று. வழக்கமாக விழும் கொலைகளுக்கு மேல் அடுத்த கொடைக்குள் ஒன்று விழுந்தாலும் 'கூடும்' அணிக்கே வெற்றி என்று சொல்லிவிட்டு நடுவர் சாப்பிடப் போனார்.

கொடை நெருங்கியும் கொலை கூடவில்லை. 'கூடும்' அணித் தலைவர் தணிகாசலம் வாத்தியார் சோறு இறங்காமல் மெலிந்துபோனார். ஒருநாள் வீட்டுக்கு வந்து, ஊர் நன்மைக்காக நான் கொலையாக முடியுமா என்று கேட்டார். கயிற்றுக்கு வீடு கொடுத்தவன் என்பதால் என் நினைப்புத்தான் முதலில் வந்ததாம். எனக்குச் சாக இஷ்டமே இல்லை. ஆனால் வீடு தேடி வந்து கேட்பவரிடம் எப்படி முடியாது என்பது?

'கூடாது' அணித் தலைவி வக்கீல் புஷ்பலதா உடனே என் வாசலில் காவலுக்கு ஆள் போட்டார்.

"உங்க உயிர் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். மாரடைப்புல போனா ஆட்சேபணை இல்ல" என்றார்.

கொல்பவர் இத்தனை நாளும் கயிற்றுக்குப் பயந்து மட்டுமே சும்மா இருந்தவராக இருக்க வேண்டும் என்பது நடுவர் பிறகு சேர்த்த நிபந்தனை. வாத்தியார் தெருத்தெருவாக விசாரித்தார். என்னைக் கொல்ல நினைத்தவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒருவர் கோபம் ஆறியதால் விட்டாராம். ஒருவர் ஸ்கூட்டர் கிளம்பாததால் விட்டாராம். என் மைத்துனர், இடையில் தீபாவளி வந்துவிட்டதே என்று விட்டாராம். கயிற்றை ஒருவரும் நினைத்ததில்லை.

இதைக் கேள்விப்பட்டு மாடியிலிருந்து கயிறு இறங்கி வந்தது. அரசாங்கத்தில் இருந்தவர் என்று காவலுக்கு நின்றவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"நான் செய்றேன் சார்" என்றது.

பயமில்லையா என்று கேட்டேன்.

"முன்னாடி பயந்துதான் இருந்தேன். இப்பதான் தூக்கு இல்லையே."

நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். ரொம்ப வலித்தது.

கொடையன்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். கொலை கூடவில்லை. கயிறு செய்வதைக் கொலை என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் என்றைக்குமே இருந்ததில்லை என்று விளக்கினார். வாத்தியார் குலுங்கிக் குலுங்கி அழுதார். புஷ்பலதாவுக்குப் பொன்னாடை போர்த்த, இறந்தவர் சார்பில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். போய்ப் போர்த்திவிட்டு வந்தேன்.