ஊதாக் கோடு ஓடும் பாறை

போனில் இடமில்லை, இடமில்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்ததால், பழைய படங்களை அழித்துவிடலாமென்று சூடாமணி உட்கார்ந்தாள். வலது கண்ணில் கண்புரை அறுவை முடிந்திருந்தது. போன் பார்க்கலாம் என்று மருத்துவர் அன்றுதான் சொல்லியிருந்தார்.

அரிசோனா படங்கள்தான் நிறைய இருந்தன. போன வருஷம் மகள் ஸஹானாவிடம் போயிருந்தபோது எடுத்தவை. காற்றும் மழையும் அரித்து அரித்து வளைந்து நெளிந்த பாலைவனப் பாறைகளுக்கு நடுவே, லீவு போட்டு அம்மாவை நடக்க அழைத்துப்போயிருந்தாள் ஸஹானா. "அம்மா, அந்தக் கோட்டைப் பாரேன்! ரோஸ், மஞ்சள், ஊதா!" என்று திருப்பத்துக்குத் திருப்பம் குதித்தாள். சூடாமணிக்கு எல்லாமே ஆறிப்போன காப்பி நிறத்தில்தான் தெரிந்தது. பெண் மனசு நோகக் கூடாதே என்று, காட்டிய பக்கமெல்லாம் போனை நீட்டிப் படமெடுத்தாள். கால் வலி தாங்காமல் கடைசியில், "நாம பாக்காத பாறையாடி? இதுக்காடி இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கார்வரைக்கும் ஸஹானா எந்தக் கோட்டையும் காட்டவில்லை.

இப்போது முதல் படத்தைத் திறந்ததும் சூடாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன்னா, இங்க வாங்கோளேன்! இதுல யாரோ சாயம் அடிச்சிருக்கா."

ராமானுஜம் வந்து எட்டிப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தானே இருந்தது? நீ அங்கேர்ந்து அனுப்பிச்சப்பவே பாத்தேனே."

"சொல்லவேயில்லையே நீங்க!"

"எடுத்தவ நீ. நோக்குத் தெரியலேன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதே பழுப்பு. இடது கண்ணை மூடினாள். பாறை முழுக்க மருதாணிச் சிவப்பு, நடுவில் பளிச்சென்று ஒரு ஊதாக் கோடு. குழந்தை மாதிரி மாற்றி மாற்றி மூடித் திறந்தாள். ஒரு படத்தில் பாறை வளைவின் கீழே ஸஹானா நின்றிருந்தாள். கை கோட்டைக் காட்டியது. முகமோ, அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கக் கூடாதென்ற உத்தரவு ஞாபகம் வர, சூடாமணி முந்தானையைக் கீழே விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"ஸஹானா, அந்தப் பாறை ஊதாடி!"

"இப்பத்தான் தெரியறதாம்மா? உனக்குப் பிடிக்கவேயில்லைன்னு நெனச்சுண்டிருந்தேன்."

"கண்ணுல பட்டாத்தானேடி பிடிக்கறதுக்கு!"

ஸஹானா சிரித்தாள். சிரிப்பு நடுவில் உடைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. "இன்னொரு கண்ணும் ஆகட்டும்மா. அதைவிடப் பெரிய பாதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஏறணும்."

"ஏறறேன். இந்தத் தடவை நீ கை காட்டாதே. நானே பாத்து எடுக்கறேன்."

இடது கண்ணும் சரியான பிறகு, ஒரு காலைப்பொழுதில் சூடாமணியும் ராமானுஜமும் பாண்டி பஜாருக்குப் போனார்கள்.

"வாக்கிங் ஷூவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"மலை ஏறணும்ப்பா. கல்லுல வழுக்கக் கூடாது."

"எந்த மலைம்மா? திருப்பதியா?"

"திருப்பதிக்கு யாராவது ஷூ போட்டுண்டு ஏறுவாளா? அமெரிக்கா."

"அப்டின்னா வேற மாடல் கீதும்மா, இரு" என்று அவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்.

சுங்கடிப் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு சூடாமணி கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தாள். கால் தரையைக் கவ்விக்கொண்டது.

"நீங்களும் ஒண்ணு போட்டுப் பாருங்கோளேன்" என்றாள்.

ராமானுஜம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார்.