அம்புக்குறி பார்த்த திசை

1

இதை எழுதக் கூடாது என்று அக்கா சொன்னாள். அவள் அப்படிச் சொல்லும் வரை இது ஒரு கதை என்றே எனக்குத் தோன்றவில்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இதைப் போய் எழுதித் தொலைக்காதடீ" என்றாள். மடிப்பதை நிறுத்தினேன்.

முதலில் எழுதிய வரி: "அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவளுடைய விடுதலையின்"

அடித்துவிட்டேன். அக்காவுக்கு அது விடுதலையெல்லாம் இல்லை. கார்.

அடுத்த வரி: "எந்த இயந்திரமும் ஒரு நாள்"

மீதியை நீங்களே முடித்துவிடுவீர்கள். அதனால் அதையும் அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2

அக்கா பல் மருத்துவர். கிளினிக்கை இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டே இருக்கை. தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏற முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும்.

அத்தான் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் தாடையில் இடித்தது. "இது காரா, ஷூ பெட்டியா?" என்றார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

அத்தான் பார்த்த வேலையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் பம்ப் இன்ஜினியர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் ஏற்றுகிற பம்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர்.*

* சொந்தமாகக் கற்பனை செய்திருந்தால் அவரை வங்கியில் வேலைக்குச் சேர்த்திருப்பேன். பம்ப் பற்றிய கதையில் பம்ப் இன்ஜினியர் வந்தால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அக்கா கல்யாணம் செய்துகொண்டபோது என் வசதியை யோசிக்கவில்லை.

3

கார் நன்றாகத்தான் ஓடும், சூடாகும் வரை. சூடாகிவிட்டால் சிக்னலில் நிற்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிடும். காரணம் பெட்ரோல் பம்ப். தெருமுனையில் இருக்கிற பங்க் அல்ல. டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை இழுத்துத் தருகிற, கைக்குள் அடங்கும் சாமான். இந்தக் காரில் அது பின்சக்கரத்தை ஒட்டி, அடியில் இருக்கிறது. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி உயிர் வரும். எனவே அக்கா சிக்னலில் இறங்குவாள், ஒரு செருப்பைக் கழற்றுவாள், நடுரோட்டில் மண்டியிட்டுக் காரை அடிப்பாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் கப்சிப் ஆகிவிடுவார்களாம்.

[இந்த இடத்தில், இதயமும் ஒரு பம்புதான் என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.]

4

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அக்கா சொன்னாள்: "கடலோரமா ஒரு வீடு வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். நான் மட்டும் போய்க் கொஞ்சம் இருக்கலாம்னு."

"எப்ப வருவே?" என்றார் அத்தான்.

"தெரியலை."

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சுவார்த்தை இருந்தால்தானே என்பாள் அக்கா. அத்தான் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பம்பை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது. புதுசு வாங்கிட்டு வா. நான் மாட்டித் தர்றேன்."

இங்கே எனக்கு எழுத்து ஓடவில்லை. எப்போது திரும்புவாள் என்று தெரியாமல் போகிற மனைவிக்கு, போவதற்கான வண்டியை ஒரு மனிதர் ஏன் சரிசெய்து தர வேண்டும்? ஒரு வரைவில் அவரைப் பெருந்தன்மைக்காரராக்கினேன். அத்தானைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்றில் கல்நெஞ்சக்காரராக்கினேன். எனக்கே மனசு கேட்கவில்லை. இப்போதைக்கு அவரை அப்படியே காருக்கு அடியில் அனுப்புகிறேன்.

5

பழைய மாதிரி பம்ப் கடையில் கிடைக்கவில்லை. கிடைத்தது சின்ன டப்பா போன்ற ஒன்று. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய்மூக்கு. உடம்பில் ஓர் அம்புக்குறி. பெட்ரோல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அது காட்டும். டாங்கிப் பக்கமிருந்து எஞ்சின் பக்கம்.

அத்தான் பேட்டரி ஒயரைக் கழற்றினார். காரை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகள் மேல் உட்காரவைத்து, ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். அக்கா பக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தாள். ரப்பர் ஹோஸைக் கழற்றியதும் மிச்சப் பெட்ரோல் அவர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போனது.

"சிரிக்காதே."

"நான் எங்க சிரிச்சேன்?"

"இங்க கேக்குது."

"வாயை மூடிக்கிட்டு வேலை பாருங்க, உள்ள போயிடப் போகுது. இத்தனை வருஷத்துல ஒரு மனுஷன்கிட்ட வாயை மூடுங்கன்னு இன்னிக்குத்தான் சொல்றேன்."

அடியிலிருந்து அவரும் சிரித்தது கேட்டதாம்.

மாலையில் வேலை முடிந்தது. அக்கா சாவியைத் திருப்பினாள். பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்தது. பெட்ரோல் நிரம்பியதும் அந்தச் சத்தம் நிதானப்பட்டு அடங்க வேண்டும். அடங்கவில்லை. காரும் கிளம்பவில்லை.

"ஏர் லாக்" என்றார் அத்தான். "குழாய்ல காத்து அடைச்சிருக்கு. விட்டுப் பிடிச்சா சரியாயிடும்."

சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே பக்கத்து இருக்கையில் மடங்கி உட்கார்ந்துகொண்டார். கிளம்பாத காருக்குள் இரண்டு பேரும் தெருவிளக்கு எரியும் வரை இருந்தார்கள்.

"அப்படி என்னதான் பேசினீங்க?" என்று கேட்டேன்.

"அது உனக்கு எதுக்கு?" என்றாள்.

(ஆகவே, இந்தக் கதையில் அவசியம் இருந்திருக்க வேண்டிய உரையாடல் இந்தக் கதையில் இல்லை.)

6

மறுநாள் காலை அத்தான் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அக்கா, வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் காருக்கு அடியில் நீட்டினாள். அம்புக்குறி டாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பம்ப் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது.

"கண்ணாடியில திசை மாறித்தானே தெரியும்?" என்றேன்.

"ஆயுசு பூரா கண்ணாடியில பல்லைப் பாத்தவகிட்ட கேக்குற கேள்வியா இது?"

அவளே அதைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். டிக் டிக் என்று ஆரம்பித்து, நிதானப்பட்டு, அடங்கியது. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருவிலேயே சத்தம் கேட்டு அத்தான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"பாத்தியா? ஏர் லாக்தான்."

"ஆமா" என்றாள் அக்கா.

மத்தியானமே கிளம்பிவிட்டாள். அத்தான் நான்கு டயரிலும் காற்றுப் பார்த்து, கேட்டைத் திறந்துவிட்டாராம்.

7

நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு அந்தக் கடலோர வீட்டிலிருந்துதான்.

"அவர் தெரியாம மாட்டினாரா, தெரிஞ்சே மாட்டினாரா?"

"தெரியாமதான் இருக்கும். வயசாச்சில்ல."

"பம்ப்டீ. அவருக்கு."

தொலைபேசியை மறு தோளுக்கு மாற்றினேன்.

"நீ போய்க் கேளு. உன் சரக்கு எதையும் சேர்க்காதே. அவர் சொன்னதை அப்படியே சொல்லு. அதைக் கேட்டுட்டுத்தான் வர்றதா வேண்டாமான்னு பாக்கணும்."

"எப்படிச் சொன்னா வருவே?"

வைத்துவிட்டாள்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் போகிறாளே என்ற கலக்கத்தில் பழகிய கையே தடுமாறிவிட்டது. மற்றதில், இன்னும் ஒரு நாளாவது இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்தார். இரண்டிலும் அக்கா நெகிழவும் இடமிருக்கிறது, கொதிக்கவும் இடமிருக்கிறது. எதைக் கேட்டால் எது நடக்கும் என்று, கூடப் பிறந்த எனக்கே பிடிபடவில்லை.

8

போனேன். அத்தான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அத்தான், அந்தப் பம்பை நீங்க தலைகீழா மாட்டியிருந்தீங்க. தெரியுமா?"

குழாயை மூடினார்.

"என் சர்வீஸ்ல ஒரு பம்பைக்கூட நான் தப்பா மாட்டினது கிடையாதும்மா."

மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

வாசலுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"சொல்லும்போது சிரிச்சாரா?"

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது என்று எழுதிவிடலாம், ஒரு வரி வேலைதான். [எழுதினேன். அடித்தேன்.]

"லைன்ல இருக்கியாடீ?" என்கிறாள் அக்கா.

நீங்களும்தானே அந்தச் சமையலறையில் நின்றிருந்தீர்கள். அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.