நாற்பது கிணறுகள்

பம்மலில் ஆறு கிணறுகள் திடீரென்று நல்ல கிணறுகளாகிவிட்டன. பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் ஷாயிஸ்தா அந்த எண்களை மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய நிலத்தடி நீர்தான் அவளுடைய ஆராய்ச்சி. நாற்பது வீட்டுக் கிணறுகள், கிணற்றுக்கு மாதம் ஒரு பாட்டில், பதினெட்டு மாதங்கள். ஒரே ஒரு சந்தில் மட்டும் 2006 ஜனவரியிலிருந்து உப்பும் குரோமியமும் மளமளவென்று இறங்கியிருந்தன.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் கஸ்தூரிரங்கனுக்கு அதில் பரம திருப்தி. நிலம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையே எழுதி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை துறையில் கருத்தரங்கு. அதைத் தாண்டினால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். அவளுடைய ஐந்து வருடப் பதிவு டிசம்பரோடு முடிகிறது.

எண்கள் குறைந்ததுகூட அவளை உறுத்தவில்லை. ஆறும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்ததுதான் உறுத்தியது. ஒன்று இருபதடி ஆழம், ஒன்று நாற்பதடி. ஆறு கிணற்றில் ஒரே தண்ணீர் எப்படி ஊறும்?

புதன்கிழமை பல்லாவரத்தில் ரயிலிறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, நேரே காந்திமதி வீட்டுக்குப் போனாள். அந்தச் சந்தில் அவளுக்கு முதலில் கதவைத் திறந்தவள் காந்திமதி. வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன.

"அக்கா, நான் வெச்சுட்டுப் போற பாட்டில்ல எந்தத் தண்ணி புடிக்கிறீங்க?"

"லாரித் தண்ணிதான். ஏம்மா, கெட்டுப்போச்சா?"

"கெணத்துத் தண்ணிதானேக்கா கேட்டேன்?"

"நீ கேப்ப. அதுக்குன்னு மஞ்சமஞ்சேர்னு நாறிகினு கீற தண்ணியவா யுனிவர்சிட்டிக்கு அனுப்புவாங்க? பரீட்சைக்குப் போற புள்ளைக்குக் கிழிஞ்ச சட்டையா போட்டுவுடுவோம்? முன்ன லாரி இல்ல, வேற வழியில்லாம அதக் குடுத்தோம். பொங்கலுக்கு முன்ன லாரி வந்துச்சு. மொத கொடத்துல அந்தப் பொண்ணுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் மத்த வேலைன்னு ஆறு வூட்டுக்கும் நான்தான் சொல்லிவெச்சேன்."

எதிர்வீட்டுத் தையல்நாயகி குடத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். "போன மாசம் ரெண்டு நாளு லாரியே வரல. குடிக்க வெச்சிருந்ததுலேந்து ஊத்திக் குடுத்தேன், தெர்மா உனக்கு? இப்ப வந்து கேள்வி கேக்குது பாரு!"

ஷாயிஸ்தாவால் யாரையும் கோபிக்க முடியவில்லை. முதல் எட்டு மாதம் ஒவ்வொரு கிணற்றிலும் அவளே வாளி விட்டு இறைத்தாள். பிறகு நாற்பது வீடு ஏறி இறங்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. "பாட்டில வெச்சுட்டுப் போம்மா, ரொப்பி வெக்கிறோம்" என்று இதே பெண்கள் சொன்னபோது அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம், எல்லா மாதிரிகளையும் ஆய்வாளரே நேரில் சேகரித்ததாகச் சொல்கிறது.

மறுநாள் கேன்டீனில், கூட ஆராய்ச்சி செய்யும் பிரசன்னா கேட்டுவிட்டுச் சிரித்தான். "இதுக்கா பேஜாராவுற? அந்த ஆறையும் தூக்கிடு. நாப்பது முப்பத்திநாலு ஆகும். யாரு கேக்கப் போறா?"

"மீதி வீட்லயும் பாட்டில்தானே வெச்சுட்டு வந்தேன்?"

"நம்பர் ஒழுங்காத்தானே இருக்கு?"

"யாராவது பாதிக்குப் பாதி கலந்திருந்தா? அடுத்த வீட்டுக் கெணத்துல மொண்டிருந்தா?"

"போய்க் கேட்டாதானே தெரியும். கேக்காத." டீயை உறிஞ்சினான். "சார்கிட்ட மட்டும் வாயத் திறந்துடாத, தாயே."

அவன் சொன்னபடி செய்துவிடலாம் என்றுதான் அவளும் மதியம் வரை நினைத்தாள். ஆறு வரிசைகளை அழித்தும் பார்த்தாள். படம் அழகாகத்தான் வந்தது. மிச்சமிருந்த முப்பத்துநான்கு புள்ளிகளில் எதையும் அவளால் நம்ப முடியவில்லை.

மூன்று மணிக்குப் பேராசிரியரின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை கிணறு?"

"ஆறு நிச்சயம் சார். மத்தது தெரியாது."

"தெரியாதுன்னா?"

"எட்டு மாசத்துக்கு அப்புறம் எதையும் நான் நேர்ல எடுக்கல சார்."

"மூணாவது சாப்டர்ல என் கையெழுத்தும் இருக்கும்மா."

"தெரியும் சார்."

அவர் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம் நீ" என்றார். திட்டுவது போலவும் இருந்தது, கெஞ்சுவது போலவும் இருந்தது. அவர் கணினிப் பக்கம் திரும்பி, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அந்த இதழுக்கு எழுதினார். பிறகு, பதிவை ஒரு வருடம் நீட்டிக்கும் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"காரணம்னு கேட்டிருக்கான் பாரு. அதை நீயே எழுது."

எழுதினாள். நான்கு வரிக்குள் அடங்கிவிட்டது.

மாலையில் அறிவிப்புப் பலகையில் கருத்தரங்கு ரத்து என்ற தாள் ஏறியது. "சமோசாவும் போச்சு" என்றான் பிரசன்னா.

ஞாயிற்றுக்கிழமை காந்திமதி வீட்டுக் கிணற்றில் ஷாயிஸ்தாவே வாளியை இறக்கினாள். இறைத்த தண்ணீர் டீயின் நிறத்தில், மேலே மெல்லிய நுரையோடு வந்தது. காந்திமதி, சந்தில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முந்தானையைக் கையில் எடுத்தாள்.

"வடிகட்டியாவது குடுக்கட்டுமாம்மா?"

"வேணாங்க்கா. இப்படியே இருக்கட்டும்."

"இத எடுத்துகினு போய் அத்தினி பெரிய எடத்துல வெப்பியா? எங்களப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

ஷாயிஸ்தா பாட்டிலை நிரப்பி மூடினாள். காந்திமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாளியில் மிச்சமிருந்ததைக் கிணற்றிலேயே வேகமாகக் கொட்டினாள்.