நடுக்கட்டத்தில் எஃப்

எழுத்துகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு வார்த்தையாக்கச் சொன்னால் எனக்கு வராது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவன் நான். எங்கள் பலகையில் மேலே பெரிதாக 'ஈ' என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கும். கீழே போகப் போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வரும். எந்த வரியைக் கூட்டிப் படித்தாலும் அர்த்தம் வராது. வரவும் கூடாது. வந்தால் ஆட்கள் பார்க்காமலேயே யூகித்துச் சொல்லிவிட்டு, பிறகு கண்ணாடி சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

என் மனைவி வேறு ரகம். அவள் நர்ஸ். நாலு எழுத்தைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். கல்யாணமான புதிதிலேயே ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டு என்னையும் இழுத்துவிட்டாள். போனில் தினமும் ஒன்பது கட்டம் வரும், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அவற்றை வைத்து எவ்வளவு நீளமான இங்கிலீஷ் வார்த்தை செய்ய முடியுமோ செய்ய வேண்டும். நடுக்கட்டத்து எழுத்து அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வார்த்தைதான். இருவரும் போட்ட பிறகுதான் திரை இரண்டையும் காட்டும். யாருடைய வார்த்தை நீளமோ, அன்றைக்கு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எங்கள் ஹாலுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது அப்படித்தான். மாமியாரை எங்களோடு அழைத்து வைத்துக்கொண்டதும் அப்படித்தான். அன்று அவள் எட்டு எழுத்து, நான் நாலு. அத்தைக்கு இது தெரியாது. தெரிந்தால் நான் தொலைந்தேன்.

அவள் வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் மூன்று வருடமாகிறது. அங்கிருந்தும் விளையாட்டை விடவில்லை. ஜெயித்துவிட்டு, "இன்னைக்கு நீலச் சட்டை போட்டுட்டுப் போங்க" என்பாள். போட்டுக்கொண்டு போவேன். பார்க்கத்தான் ஆளில்லை.

படுக்கையறை ஃபேனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது சுற்றும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வரும். "தூங்க முடியல. ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது" என்று வருடக்கணக்காகத் திட்டினாள். ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போதுகூட, "அந்த ஃபேன்" என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இன்னும் அதைச் சரி செய்யவில்லை. சோம்பேறித்தனம் என்று அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் செய்துவிட்டால் அவள் எனக்கு விட்டுப்போன வேலை எதுவுமே மிச்சமிருக்காது என்பதை நான் யாரிடம் சொல்ல?

போன வாரம் அவளுடைய ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தது. இன்னும் இரண்டு வருடம் இரு, வார்டுக்கே பொறுப்பாக்குகிறோம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் போனில்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டத்தைக் கேட்டேன்."

எனக்கு வாய் வரைக்கும் வந்து நின்றது. வா என்றால் அவள் முன்னேற்றத்தைக் கெடுத்தவன் ஆவேன். இரு என்றால் பச்சைப் பொய்.

"சரி, நாளைக்கு வார்த்தையில பாத்துக்கலாம்" என்றாள். "நீங்க ஜெயிச்சா வந்துடறேன். நான் ஜெயிச்சா இங்கேயே இருந்துடறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"குடும்பம் நடத்தறீங்களா, பரீட்சை எழுதறீங்களா? வேணும்னா வான்னு சொல்லுங்க மாப்ள. அதைச் சொல்ல உங்களுக்கு எத்தனை எழுத்து வேணும்?"

மறுநாள் கடையில் உட்கார்ந்து கட்டங்களைத் திறந்தேன். மேல் வரியில் என், ஓ, ஆர். நடு வரியில் டி, எஃப், ஏ. கீழே ஓ, ஈ, என். நடுக்கட்டத்தில் எஃப். வழக்கம்போல எனக்கு அவை எங்கள் பலகையின் கடைசி வரி மாதிரிதான் தெரிந்தன. என்ன முழித்தாலும் நாலு எழுத்தைத் தாண்டவில்லை. அவள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பாள். இன்னும் இரண்டு வருடம் ஒரு மஞ்சள் ஹாலில் அவள் இல்லாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

அப்போது ஒரு பெரியவர் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து, "எப்பப்பா கிடைக்கும்?" என்று கேட்டார்.

"ஆஃப்டர்நூன் வாங்க சார், ரெடியா இருக்கும்" என்றேன். தினமும் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வதுதான்.

சொன்னவன் அப்படியே நின்றேன். போனைப் பார்த்தேன். ஏ, எஃப், டி, ஈ, ஆர். இரண்டு என், இரண்டு ஓ. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. என் ஆயுசில் ஒன்பது எழுத்து வார்த்தையை நான் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடித்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அனுப்பினால் வந்துவிடுவாள், வாக்குத் தவறமாட்டாள். ஆனால் தோற்றுப்போனதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவளை எந்த முகத்தோடு வாசலில் நின்று வரவேற்பது? வாய்விட்டுக் கேட்கத் துப்பில்லாமல், ஒன்பது கட்டத்தைப் போட்டு அவளை இழுத்து வருவதா? என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'ஃப்ரண்ட்' என்று முன்பக்கத்தைச் சொல்லும் வார்த்தையைப் போட்டேன். ஃபிரேமின் முன்பக்கத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஐந்து எழுத்து. அனுப்பிய கையோடு ஏன் அனுப்பினோம் என்று நொந்துகொண்டேன். நைட்டும் ஆஃப்டர்நூனுமாக மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்கு அந்த வார்த்தையா தெரியாமல் போகும்? இருந்துவிடப் போகிறாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது திரை இரண்டு வார்த்தைகளையும் காட்டியது. என்னுடையது ஃப்ரண்ட். அவளுடையது மூன்றே எழுத்து.

ஃபேன்.

நான் ஜெயித்திருந்தேன். உடனே கூப்பிட்டேன். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தாள்.

"உனக்கு ஆஃப்டர்நூன் தெரியலையா?"

"உங்களுக்கே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் போடல?"

"தோத்துட்டு நீ வர வேணாம்னு தோணுச்சு. நீ ஏன் போடல?"

"போட்டா இங்கேயே இருக்கணுமே." "மூணு எழுத்துக்குக் கீழ அதுல எடுக்காது. அதான் மூணுல போட்டேன். அப்பவும் பயம்தான். நீங்களும் ஒரு மூணு எழுத்தைப் போட்டுத் தொலைச்சிடுவீங்களோன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"வந்துடு" என்றேன். "நீ இல்லாம என்னால இருக்க முடியல. விளையாட்டை விடு. நீ வா."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று அழுதாள்.

அறை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, சாப்பாட்டை மூடிவைக்கப் போனார்.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் கேட்டாள். "அந்த ஃபேனைச் சரி பண்ணிட்டீங்களா?"

"இல்ல."

"பண்ணிடாதீங்க. இங்க ரூம்ல ஒரு சத்தமும் இல்ல. வந்ததுலேர்ந்து எனக்குச் சரியான தூக்கமே கிடையாது. இப்போ அதைக் கொஞ்சம் போடுங்களேன்."

ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அவள் படுக்கும் பக்கத்துத் தலையணையில் போனை வைத்து நானும் படுத்தேன். டக், டக் என்று அது ஆரம்பித்தது. ஏதோ முணுமுணுத்தாள், திட்டுகிறாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மூச்சு சீராக வர ஆரம்பித்தது. கடையில் அந்தப் பெரியவர் கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். நான் போனை வைக்கவில்லை.