கொழுந்தியாள் வெட்டிய அட்டை

மனிதனை மற்ற உயிர்களிடமிருந்து பிரித்து உயர்த்துவது ஒன்றே ஒன்றுதான்: நன்றாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைக் கையில் எடுத்து, செய்த கையை மனதால் வணங்கி, ஒரு கணம் அசையாமல் நிற்கும் ஆற்றல். படகுப் போக்குவரத்து நிறுவனத்தின் வடிவமைப்பு அதிகாரி இதை உறுதியாக நம்பினார். அவர் அப்படி நிற்கும் இடம் பெரும்பாலும் கேன்டீன் வரிசையின் முனை. கையில் டம்ளர். பின்னால் டீக்காகப் பதினைந்து பேர்.

நிறுவனத்தில் அவருக்கு 'ரசனை' என்று பெயர். முகத்துக்கு நேரே 'ரசனை சார்' என்பார்கள். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அந்தச் செல்வாக்குக்குக் குறைவில்லை. அன்னத்தின் கழுத்தைப் போல மூக்கு வளைந்த கெட்டில் ஒன்றை வெளியூர்ப் பயணத்தில் வாங்கி, பச்சைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதில் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆகும். மனைவி பழைய பாத்திரத்தில் டீ போட்டு, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கெட்டிலில் ஊற்றி வைத்துவிடுவாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரம் மாறினால் சுவை எப்படி மாறுகிறது என்று தினமும் விளக்குவார். அவள் ஆமாம் என்பாள். பன்னிரண்டு வருடக் குடித்தனம்.

அவருடைய தலைசிறந்த படைப்பு நிறுவனத்தின் டிக்கெட் ஆப். திறந்ததும் முதலில் பொழுது விடியும். பிறகு அலை வரும். அலைக்கு மேலே ஒரு பறவை அவசரமில்லாமல் பறந்து போகும். ஒன்பது விநாடி கழித்து டிக்கெட் வாங்கும் பொத்தான், கண்ணை உறுத்தாதபடி, கடலின் நிறத்திலேயே தோன்றும். அது தோன்றியது சிலருக்குத் தெரியும். மற்றவர்கள் கவுன்டரில் போய் வரிசையில் நிற்பார்கள். அலை ஓய்ந்த பிறகு குளிக்கக் காத்திருப்பது போல என்று படகுக்காரர்கள் அந்த ஆப்பைப் பற்றிச் சொன்னதாக அவர் காதுக்கு வந்தது. அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதே நிறுவனத்தில், சாமான் கவுன்டரில், அவருடைய கொழுந்தியாள் வேலை பார்த்தாள். பயணிகளின் பைகளை வாங்கி, எந்தப் படகுத்துறையில் இறக்க வேண்டும் என்று அட்டை கட்டி அனுப்பும் வேலை. சொல்லி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அவள் மறந்துவிடக் கூடாதே என்று வாரத்துக்கு ஒருமுறை நினைவூட்டும் பொறுப்பையும் அவரே பார்த்துக்கொண்டார்.

வடிவமைப்பாளர் சங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு விருது கொடுக்கும். ஒரு நிறுவனத்திலிருந்து ஒரே ஒரு பொருள்தான் போட்டிக்குப் போகலாம். அவர் தன் ஆப்பை மூன்று முறை அனுப்பி, மூன்று முறையும் வருத்தக் கடிதம் வாங்கியிருந்தார். கடிதத்தாள் நல்ல தாள் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். இந்த முறை மேடை ஏறிவிடுவது என்று தீர்மானித்து, சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

அந்த நிலையில்தான் பொது மேலாளர் அவரைக் கூப்பிட்டு, மேஜையில் ஒரு அட்டையை வைத்தார். போன வாரம் விருதுத் தேர்வுக்குழுத் தலைவி யாரிடமும் சொல்லாமல் சாதாரணப் பயணியாக நம் படகில் வந்து போனாராம். ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பையில் கட்டிய இந்த அட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இதைத்தான் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"இதைப் பத்தி நல்லா நாலு வார்த்தை எழுத உங்களை விட்டா யாரு?" என்றார் மேலாளர். "உங்க வீட்டுப் பொண்ணுதானாமே. ரொம்ப சந்தோஷம்."

ரசனையும் சந்தோஷம் என்றார். வாய் மட்டும் அகன்றது.

நேராகச் சாமான் கவுன்டருக்குப் போனார். அவள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கிழிந்த தார்ப்பாயை உள்ளங்கை அளவுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் சிந்தனை என்ன என்று விசாரித்தார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"சிந்தனை எல்லாம் இல்ல மாமா. கீழ்த்தளத்துல லைட் கிடையாது. இறக்கறவங்க கை எப்பவும் ஈரம். எழுதி வெச்சா அழிஞ்சு போகுது. மூணாம் துறைக்காரங்க பையெல்லாம் முதல் துறையில இறங்கி, வந்து என்னைத் திட்டினாங்க. அதான் வெட்டிட்டேன். முதல் துறைக்கு ஒரு வெட்டு, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு மூணு. தடவினாலே தெரியும்."

"எந்தக் கருவி?"

"செருப்புத் தைக்கிறவர்கிட்ட தோல்ல அரைவட்டம் வெட்டற பழைய உளி ஒண்ணு கிடந்துச்சு. கேட்டேன், கொடுத்தார்."

அவர் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவினார். கட்டைவிரல் போய் அரைவட்ட வெட்டில் தானாக உட்கார்ந்தது. அடுத்த வெட்டு, விரல் எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. கயிறு போகும் துளை முனைக்கு அருகே, கிழியாத தூரத்தில். அதிகமாக ஒன்றும் இல்லை, குறையாக ஒன்றும் இல்லை. அவருக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, இருந்ததுதான் கஷ்டம். ரசனை இல்லாதவனாக இருந்திருந்தால் ஒரு துண்டுத் தார்ப்பாய்க்கு வயிறு எரிந்திருக்காது. அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் மாலை எப்படித் தொங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

வீட்டில் அன்று சாவிக்கொத்து அதே மாதிரி அட்டை ஒன்றில் தொங்கியது. மனைவி தங்கையிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். இருட்டில் கைப்பையில் துழாவினாலும் கிடைத்துவிடுகிறதாம். பன்னிரண்டு வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த நாலு சாவி வளையங்களும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. மாமியார் மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை, "எல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் மாப்பிள்ளை" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஆறியது. போனை வைத்ததும் மனைவி சிரித்த சிரிப்பில் மறுபடி எரிய ஆரம்பித்தது.

"ஏங்க, உங்களுக்குப் பெருமையா இல்லையா?"

"அதான் சொன்னேனே. பெருமைதான்."

"சொன்னீங்க. மூஞ்சி சொல்லலையே."

மறுநாள் அவருக்கு ஒரு வழி தோன்றியது. தேர்வுக்குழு நேரில் பார்க்க வருவதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அட்டை போகட்டும், ஆனால் ஒரு சின்ன மெருகோடு போகட்டும். தார்ப்பாயை எடுத்துவிட்டு, பஞ்சில் செய்த, விரல் தடிமன் இல்லாவிட்டாலும் பிஸ்கட் தடிமன் உள்ள கெட்டித் தாளை வரவழைத்தார். நிறம் தந்தம். எழுத்து மெல்லிய சாம்பல். வெட்டு அவர் கண்ணுக்குக் காயம் போலப் பட்டது; எனவே வெட்டுக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்லிய அழுத்தக் கோடுகள், சாய்ந்த வெயிலில் மட்டும் தெரிவது போல. விண்ணப்பத்தில் 'வடிவமைப்பு' என்ற இடத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதினார். 'உதவி' என்ற இடத்தில் 'சாமான் கவுன்டர்' என்று எழுதினார். மனசாட்சி உறுத்தாமல் இருக்க, செருப்புத் தைப்பவர் கொடுத்த கருவியைக் கொழுந்தியாளிடமிருந்து வாங்கி, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டு, 'தொடக்கம்' என்று பெயர்ப்பலகை எழுதி வைத்தார். அவளுக்குக் கௌரவம். கருவியும் கைக்கு எட்டாது.

புது அட்டையை அவள் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

"கோடு கையில தட்டுப்படலையே மாமா."

"தட்டுப்படக் கூடாதும்மா. உணரணும்."

"ஈரக் கையில எதை உணர்றது?"

விருதுக்காகப் பார்க்க வருகிறவர்கள் ஈரக் கையோடு வர மாட்டார்கள் என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அட்டைமேல் பேனாவால் ஒரு கீறல்கூட விழக் கூடாது, கத்தரிக்கோல் பக்கத்திலேயே வரக் கூடாது என்று எல்லோருக்கும் எழுத்துமூலம் உத்தரவு போட்டார்.

தேர்வுக்குழுத் தலைவி வந்த நாளில் அவர் புதுச் சட்டை அணிந்திருந்தார். தலைவி அறுபது வயதுப் பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டி, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். பையைக் கவுன்டரில் கொடுக்கும்போது புது அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போன முறை பார்த்தது இது இல்லையே என்றார். மேம்படுத்தியிருக்கிறோம் என்றார் ரசனை. தலைவி அப்படியா என்றார். அந்த 'அப்படியா'வின் குளிர்ச்சி ரசனைக்குத் தண்ணீர்ப் பக்கத்துக் காற்றாகத் தோன்றியது.

படகு கிளம்பியது. தலைவி, மேலாளர், ரசனை மூவரும் மேல்தளத்தில். கொழுந்தியாளையும் மேலாளர் கையோடு கூட்டி வந்திருந்தார். முதல் துறையில் பைகள் இறங்கின. ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாம் துறையில் எல்லோரும் இறங்கி நிற்க, தலைவியின் பை வந்தது. சரியான பை, சரியான துறை. ரசனையின் மார்பு புதுச் சட்டைக்குள் விரிந்தது. தலைவி குனிந்து அட்டையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

தந்த நிற அட்டையின் ஓரத்தில் பிறைபோல இரண்டு துண்டுகள் காணவில்லை. ஓரம் சீராக இல்லை. நார் நாராகப் பிய்ந்து, கொஞ்சம் ஈரமாகவும் இருந்தது. அடுத்த பையிலும் இரண்டு. படகின் விளிம்பில் காத்திருந்த மூன்றாம் துறைப் பைகளில் மும்மூன்று.

மூட்டை அண்ணனைக் கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் பைகளை ஏற்றி இறக்கும் ஆள். கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கோடு தெரியலைங்க. கத்தரிக்கோலும் கூடாதுன்னுட்டாங்க. ஏத்தும்போதே வெளிச்சத்துல எழுத்தைப் படிச்சு, பல்லால கடிச்சு வெச்சுட்டேன். ஒண்ணாம் துறைக்கு ஒரு கடி, ரெண்டாவதுக்கு ரெண்டு கடி." ரசனையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "தப்புதாங்க. ஆனா பை ஒண்ணும் மாறலை."

மேலாளர் முகம் வெளிறியது. ரசனை வாயைத் திறந்தார். அவர் முதலில் சொல்ல இருந்தது கீழ்த்தளத்து ஊழியர்களின் ஒழுங்கைப் பற்றி. ஆனால் அதற்குள் தலைவி கண்ணை மூடிக்கொண்டு கடித்த ஓரத்தை விரலால் தடவ ஆரம்பித்திருந்தார். வெகுநேரம் தடவினார்.

"என்ன அழகு" என்றார் கடைசியில். "ஒண்ணைப் போல ஒண்ணு இல்ல. மனுஷ உடம்போட அளவு அப்படியே இதுல இருக்கு. முப்பது வருஷத்துல இப்படி ஒரு ஓரம் நான் பார்த்ததில்ல. இந்த யோசனை யாரோடது?"

மூட்டை அண்ணன் கொழுந்தியாளைப் பார்த்தார். வெட்டு அவளுடையது, கடிதான் தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார். கொழுந்தியாள் சிரிப்பை அடக்கத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடியும் அவளா என்று ரசனையின் வயிற்றில் பற்றியது. தார்ப்பாய்க்கு அவள், எச்சிலுக்கும் அவளா?

"என்னோடதுதான்" என்றார் ரசனை.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் நிறுத்தவில்லை. கருவிகள் மனிதனைப் பொருளிலிருந்து பிரிக்கின்றன என்றார். அதனால்தான் கருவியைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னார். அழுத்தக் கோடு வெறும் வழிகாட்டி. அதன்மேல் உழைப்பாளி தன் உடலால் கையெழுத்திட வேண்டும் என்பதே ஆரம்பத்திலிருந்து திட்டம். இந்தத் தாளைத் தேர்ந்தெடுத்ததும் பல் பதியும் தன்மைக்காகத்தான். கீழ்த்தளத்து ஆட்களுக்குத் தானே கடித்துக் காட்டிப் பயிற்சி கொடுத்ததாகவும் சொன்னார். இது தேவையில்லை, ஆனால் பேச்சு அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க எப்ப கத்துக் கொடுத்தீங்க சார்?" என்று மூட்டை அண்ணன் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

மேலாளர் அவரைக் கண்ணால் அடக்கினார். தலைவி ரசனையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விருது ஏறக்குறைய அந்தக் கைகளுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் மேடையில் எல்லோர் முன்னாலும் செய்து காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி, கவுன்டரில் கேட்டு வாங்கி வைத்திருந்த கடிபடாத அட்டை ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இப்ப எனக்காக ஒண்ணு. மூணாம் துறைக்கு."

ரசனை அட்டையை வாங்கினார். வெயிலில் சாய்த்து மூன்று கோடுகளையும் பார்த்தார். கொழுந்தியாள் திரும்பி, "வேண்டாம் மாமா" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் அக்கறைதான் இருந்தது. அவருக்கு அது பொறாமையாகக் கேட்டது. அட்டையை வாயில் வைத்து, அழுத்திக் கடித்து, மூட்டை அண்ணன் செய்திருப்பார் என்று நினைத்தபடி வெடுக்கென்று இழுத்தார்.

பஞ்சுத் தாள் உறுதியான தாள். அவருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் கட்டுப்பல். அவை அட்டையோடு வந்துவிட்டன.