ஐந்து ஊருக்கும் ஒரே தண்ணீர்ச் செய்தி

“...அப்போ புதுக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடும்போது இந்த அண்ணி ஞாபகத்துக்கு வரல, இல்ல?”

“வந்தீங்க அண்ணி. நல்லாவே வந்தீங்க. கேட்டா சண்டைக்கு வருவீங்கன்னு அதுவும் சேர்ந்தே வந்துச்சு.”

“நான் எதுக்கும்மா சண்டைக்கு வரேன்? நீ மகராணி மாதிரி உக்காந்து அஞ்சு ஊருக்கும் செய்தி வாசி. எழுதுறதுக்கு இங்க ஆள் வேண்டாம்னு அவங்க சொன்னப்ப, ‘எங்க அண்ணி என்ன பண்ணுவாங்க’ன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டேனே.”

“என்ன சொன்னாங்க?”

“வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அவங்க ரெஸ்ட் எடுக்க மாட்டாங்க, எங்க அண்ணனையும் எடுக்க விட மாட்டாங்கன்னு சொன்னேன்.”

இந்த இடத்தில்தான் ஸ்டுடியோ கதவைத் திறந்துகொண்டு கேமராக்காரர் தலையை நீட்டினார். உயரத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அவருக்கு ஒட்டகம் என்று பெயர். “அக்கா, புடவையில குத்தின மைக் ஆன்ல இருக்கு. ஸ்பீக்கர்ல கீழ வாட்ச்மேன் வரைக்கும் கேட்டாச்சு. அவரு அண்ணி பக்கமாம்.”

செய்தி வாசிப்பாளர் மைக்கைப் பிடுங்கி மேஜையில் வைத்தார். அண்ணி காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இருவரும் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். செய்தி எழுதுகிறவர். வாசிக்கிறவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டகம், வாட்ச்மேன், விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அண்ணி என்றே பழகிவிட்டார்கள். நாத்தனாருக்குத் தெருவில் வேறு பெயர். தினமும் ஏழு மணிக்குத் திரையில் வருவதால் அவர் ‘ஏழு மணி’. கடைக்குப் போனால், “ஏழு மணி வந்திருக்காங்க, நல்ல தக்காளியா பார்த்துப் போடு” என்பார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அதுவும் ரொம்ப நன்றாக வரும்.

நிலையம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர்தான் பழைய முதலாளி. தன் சோபாக்களைக் காட்ட ஒரு டிவி வேண்டும் என்று ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் செய்தியும் போட்டவர். நாளாக ஆக ஊர் சோபாவை விட்டுவிட்டுச் செய்தியைப் பார்க்க ஆரம்பித்தது. இப்போது வயசாகிவிட்டது, பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று விற்றுவிட்டார். வாங்கிய கம்பெனி ஏற்கெனவே வேறு நான்கு ஊர்களின் நிலையங்களையும் வாங்கி வைத்திருந்தது. ஐந்துக்கும் சேர்த்து ஒரு மேனேஜரை இங்கே அனுப்பியது. நல்ல பையன். எதைக் கேட்டாலும் முதலில் லேப்டாப்பைத் திறப்பான்.

அவன் வந்து சொன்ன திட்டம் எளிமையானது. ஐந்து ஊருக்கும் ஒரே வாசிப்பாளர், ஒரே பதிவு. எழுதுவதைத் தலைமை அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள். மாதக் கடைசி வரைக்கும் மட்டும் அண்ணி எழுதிக் கொடுக்க வேண்டும், அதையும் புது முறையில்.

“ஊர் பேரு, தெரு பேரு எதுவும் வரக்கூடாது மேடம். ‘நமது நகரில்’னு போட்டா அஞ்சு ஊருக்கும் பொருந்திடும்.”

“சரி. ஒரு திருட்டு நடக்குது. என்ன எழுதணும்?”

“நமது நகரில் திருட்டு.”

“அஞ்சு ஊர்லயும் அதே திருடனா தம்பி?”

“திருட்டு எல்லா ஊர்லயும் நடக்குதே மேடம்.”

அண்ணி பேனாவைத் திறந்து மறுபடியும் மூடினார்.

சண்டை நடந்த அன்று செய்தியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளி விளையாட்டு விழா, ஒரு சின்ன விபத்து, அப்புறம் குடிநீர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு ஒன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மேல்நிலைத் தொட்டியைக் கழுவப்போகிறார்கள். அதனால் அங்கே மூன்று தெருக்களுக்கு மறுநாள் தண்ணீர் வராது. அண்ணி தெருப் பெயர்களை எழுதினார். உடனே புது முறை ஞாபகம் வந்தது. இருக்கிற கோபத்தில் மூன்றையும் அழுத்தி அடித்துவிட்டு எழுதினார்: ‘நமது நகரில் நாளை முழுவதும் குடிநீர் வராது. பொதுமக்கள் தேவையான நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளவும்.’

மற்ற நாளாக இருந்தால் இது இப்படியே ஒளிபரப்பாகியிருக்காது. பதிவுக்கு முன்னால் இருவரும் மேக்கப் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்ப்பது வழக்கம். ஏழு மணி ஒவ்வொரு வரியிலும் நிறுத்துவார். “எந்தத் தெரு அண்ணி? யாரு சொன்னது? எப்ப வரைக்கும்?” என்று குடைவார். அண்ணி திட்டிக்கொண்டே திருத்துவார். ஒரு மணி நேரம் ஆகும். பாதி நேரம் செய்தி, மீதி நேரம் குடும்பம்.

அன்று பேச்சுவார்த்தை இல்லை. காகிதம் ஒட்டகத்தின் கை வழியாகப் போனது.

ஸ்டுடியோவுக்கும் கன்ட்ரோல் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. ஏழு மணி விளையாட்டு விழாவை முடித்தார், விபத்தை முடித்தார், தண்ணீருக்கு வந்தார். நின்றார். காகிதத்தைப் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வை அண்ணிக்கு நன்றாகத் தெரியும். எந்தத் தெரு அண்ணி என்பதுதான் அது. வாயைத் திறந்தால் போதும்.

முதலில் அவள் பேசட்டும் என்று அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணியே பேசட்டும் என்று ஏழு மணி வாசித்துவிட்டார். அழகாக, தெளிவாக, கொஞ்சம் கவலை தோய்ந்த குரலில்.

வீடு ஒன்றுதான். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தங்கை குடும்பம். சாயந்திரம் அண்ணி பூண்டு உரித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர். செய்தியில் தண்ணீர் வந்ததும் கணவர் விருட்டென்று எழுந்தார்.

“ஏங்க, எங்க போறீங்க?”

“தண்ணி புடிக்க. நாளைக்கு வராதாம்.”

“அது பஸ் ஸ்டாண்டு பக்கம் மூணு தெருவுக்குங்க. நமக்கு வரும்.”

“டிவியில ஊர் முழுக்கன்னு சொன்னாங்களே.”

“அதை எழுதினதே நான்தான்!”

“நீ எழுதியிருக்கலாம். சொன்னது பாப்பா.” நாற்பது தாண்டிய தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். “பாப்பா பொய் சொல்லாது.”

வாளி, குடம், அண்டா எல்லாம் நிரம்பியது. குக்கர் நிரம்பியது. கடைசியில் பூச்செடிக்கு ஊற்றுகிற சின்னப் பூவாளியையும் நிரப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மாடியிலும் குழாய் ஓடுகிற சத்தம். ஏழு மணியின் வீட்டுக்காரரும் நம்பிவிட்டார். அடுத்த வீட்டிலும் அதே சத்தம், எதிர் வீட்டிலும் அதே. அண்ணி கையில் உரித்த பூண்டோடு அப்படியே இருந்தார். இந்தத் தெரு மட்டும் இல்லை, ஐந்து ஊர் என்பது அப்போதுதான் உறைத்தது. மேனேஜருக்கு போன் போட்டார். பிஸி. மறுபடியும் பிஸி.

ஐந்து ஊரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தொட்டி என்ன செய்யும்? காலையில் ஐந்து ஊரிலும் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை.

நிலையத்தில் போன் ஓயவில்லை. நான்கு ஊர்களின் குடிநீர் அலுவலகங்களும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டன. தொட்டியே கழுவாத ஊரில் யாரைக் கேட்டுத் தண்ணீரை நிறுத்தினீர்கள் என்றார்கள். நடுவில் ஒரு பெரியவர் மட்டும், “முன்கூட்டியே சொன்னீங்க பாருங்க, ரொம்ப நன்றி. சொன்ன மாதிரியே வரல” என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

மேனேஜர் முகம் வெளிறிப்போயிருந்தது. இருவரையும் அறைக்குள் கூப்பிட்டான். ஸ்பீக்கர் போனில் புது முதலாளி. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் மெதுவாக, மரியாதையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“மேடம், எழுதுறவங்கதானே நீங்க? நான் யோசிச்சுட்டேன். ஊர்ல ஒருத்தர் உக்காந்து எழுதுனாத்தான் இந்த மாதிரி வராது. உங்க வேலை உங்களுக்கே. ஆனா அஞ்சு ஊர்லயும் ஜனங்க அந்த முகத்தைத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. வாசிக்கிறதுக்கு வேற ஊர்லேருந்து ஆள் போட்டுக்குறோம்.”

அண்ணி கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும், போனில் அதுகூடத் தெரியாது.

பக்கத்தில் ஏழு மணி நின்றிருந்தார். ‘என்ன எழுதிக் கொடுத்தாங்களோ அதைத்தான் வாசிச்சேன்’ என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, திரையில் நிற்கிற மாதிரி நேராக நின்றார். அழாமல் இருக்க அவர் செய்கிற வேலை அது என்பது அண்ணிக்குத் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே தெரியும்.

“சார்,” என்றார் அண்ணி. “அவ அந்த வரியில நின்னா சார். என்னை நிமிர்ந்து பார்த்தா. தெரு பேரு எங்கன்னுதான் பார்த்தா. எனக்குப் புரிஞ்சுது. நான் வேணும்னே கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தேன்.”

“ஏன் மேடம்?”

“பேச்சு இல்ல சார்.”

“யாருக்கும் யாருக்கும்?”

“எனக்கும் அவளுக்கும். நாத்தனார் சார்.”

மேனேஜர் லேப்டாப்பைத் திறந்தான். இதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை போல, மூடிவிட்டான்.

“அப்போ அஞ்சு ஊருக்கு ஒரு நாள் தண்ணி போனது,” என்று முதலாளி நிறுத்தி நிறுத்திச் சொன்னார், “உங்க வீட்டுச் சண்டையால.”

“ஊர் பேரைப் போடக் கூடாதுன்னு சொன்னது நீங்க சார்,” என்று ஏழு மணி முதல்முறையாக வாய் திறந்தார். “எங்க அண்ணியை மட்டும் சொல்லாதீங்க. போட விட்டிருந்தா நாங்க எவ்வளவு சண்டை போட்டாலும் தண்ணி வந்திருக்கும்.”

வெளியே ஒட்டகம் யாரிடமோ, “பேசிட்டாங்க, பேசிட்டாங்க” என்று சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது.

முதலாளி சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னார். இனி ஒவ்வொரு ஊர்ச் செய்தியிலும் ஊர் பெயர் இருக்கும், தெருப் பெயரும் இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு ஆள் இருப்பார். எழுதுவது, வாசிப்பது எல்லாம் அவரே. இந்த ஊருக்கு அது இருவரில் யார் என்று வீட்டில் பேசித் திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். ஏழு மணி எழுத உட்கார்ந்தார். நாய் ஒன்று கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட செய்தி. ‘பெரும் பரபரப்பு’, ‘பலத்த பரபரப்பு’, ‘பரபரப்பான சூழல்’ என்று பக்கம் நிறைந்தது. நாயைக் காணோம்.

“எங்கம்மா நாய்?”

“அடுத்த பக்கத்துல வரும் அண்ணி.”

அப்புறம் அதே செய்தியை அண்ணி தானே எழுதி வாசித்தார். நாயை, கிணற்றை, மீட்ட தீயணைப்பு வீரரை, எல்லோரையும் திட்டுகிற மாதிரி இருந்தது. நடுவில் மூச்சு விடவே இல்லை.

“நாய் என்ன அண்ணி தப்பு பண்ணுச்சு?” என்று ஏழு மணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“நாய்க்கெல்லாம் உன்னை மாதிரி குழைய முடியாது என்னால.”

தீர்ப்புச் சொல்ல அண்ணனைக் கூப்பிட்டார்கள். “ரெண்டு பேரும் நல்லாத்தான் பண்றீங்க” என்று சொல்லிவிட்டு அவர் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போய்விட்டார். இன்னும் நாலு நாளைக்கு ஊற்றுகிற அளவுக்கு இருந்தது.

இருவரும் மேஜையில் எதிர் எதிராக உட்கார்ந்திருந்தார்கள். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. அதை இருவரும் மறைக்கவும் இல்லை.

“நான் திரையில வரலன்னா தெருவுல எனக்கு என்ன பேரு இருக்கு அண்ணி?” என்றார் ஏழு மணி. கிண்டல் இல்லாத குரலில்.

“நான் எழுதலன்னா சாயந்திரம் ஆனா என் கை எங்க போகும்?” என்றார் அண்ணி. “உங்க அண்ணன் கழுத்துக்குத்தான் போகும்.”

“அப்போ அண்ணனுக்காகவாவது உங்களுக்குக் கொடுக்கணும்.”

“கொடுத்துடுவியா?”

“மாட்டேன்.”

இன்று சனிக்கிழமை. இந்த நிமிடம் வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள், முடிவு மட்டும் வரவில்லை. எழுதத் தெரிந்தவர் வாசிக்கப் பழகுவது சுலபமா, வாசிக்கத் தெரிந்தவர் எழுதப் பழகுவது சுலபமா? அந்த ஒரு நாற்காலி யாருக்கு? இதைப் படிக்கிற நீங்கள் திங்கட்கிழமைக்கு முன்னால் உங்கள் பதிலைக் காரணத்தோடு கீழே எழுதுங்கள். “ரெண்டு பேரும்” என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதை அண்ணன் சொல்லியாகிவிட்டது.